ஸ்கூலுக்கும் ஒரு சீட்டு எழுதிக் கொடுங்க டாக்டர்!

“ஆஸ்துமா எல்லாம் இல்லை டாக்டர்... சும்மா வீசிங்தான்!”

என் எதிரே உட்கார்ந்திருந்த அந்த அம்மா இதைச் சொல்லும்போது குரலைத் தாழ்த்திக் கொண்டார். பக்கத்தில் அவருடைய எட்டு வயதுப் பையன். யூனிஃபார்ம் கூட மாற்றவில்லை. தோள் இரண்டும் ஏறி ஏறி இறங்குகிறது. ஒவ்வொரு மூச்சுக்கும் கழுத்துக்குக் கீழே குழி விழுகிறது. நெபுலைசர் வைத்து, மூச்சு கொஞ்சம் அடங்கியதும் பேச்சுக் கொடுத்தேன்.

“எப்போடா கண்ணா ஆரம்பிச்சுது?”

“செகண்ட் பீரியட்ல...”

அப்போது மணி சாயங்காலம் நாலே முக்கால்!

“மிஸ் கிட்ட சொல்லலையா?”

பையன் அம்மாவைப் பார்த்தான். அம்மா தரையைப் பார்த்தார்.

“நான்தான் டாக்டர் யார்கிட்டயும் சொல்லக் கூடாதுன்னு சொல்லி வச்சிருக்கேன். தெரிஞ்சா டூருக்குக் கூட்டிட்டுப் போக மாட்டாங்க. விளையாட விட மாட்டாங்க. மத்த பசங்க ஒட்டிக்கும்னு தள்ளி உட்காருவாங்க...”

சரி, இன்ஹேலர்? அது வீட்டில் இருக்கிறது. பீரோவில், பத்திரமாக!

எழுதிக் கொடுத்த மருந்து சரியான மருந்துதான். அம்மாவும் காலையும் இரவும் தவறாமல் கொடுக்கிறவர்தான். ஆனால் ஒரு பிள்ளை விழித்திருக்கும் நேரத்தில் பெரும் பகுதி இருப்பது எங்கே? ஸ்கூலில்! அங்கே இவனுக்கு என்ன பிரச்னை என்று ஒருவருக்கும் தெரியாது. ஐந்து நிமிஷத்தில் இழுப்பைத் தணித்திருக்கக் கூடிய மருந்து பூட்டிய வீட்டுக்குள் இருக்க, பிள்ளை காலையிலிருந்து சாயங்காலம் வரை பெஞ்சில் உட்கார்ந்து மூச்சுக்குப் போராடியிருக்கிறான்.

அந்த அம்மாவை நான் குறை சொல்ல மாட்டேன். ஏனென்றால் தப்பில் எங்களுக்கும் பங்கு உண்டு. நம் ஊரில் இந்த நோய்க்கு எத்தனை புனைபெயர்கள்! வீசிங், அலர்ஜி, ஈஸ்னோபீலியா, நெஞ்சு சளி... எல்லாவற்றுக்கும் மேலாக ‘பிரைமரி காம்ப்ளெக்ஸ்’. பிரைமரி காம்ப்ளெக்ஸ் என்பது குழந்தைகளுக்கு வரும் டி.பி. சம்பந்தப்பட்டது. அதற்கும் இழுப்புக்கும் சம்பந்தமே இல்லை. இருந்தும் வெறும் இருமலுக்கும் இழுப்புக்கும் அந்தப் பெயரை வைத்து, ஆறு மாதம் டி.பி. மாத்திரை சாப்பிட்ட பிள்ளைகள் எத்தனையோ பேர். ஆஸ்துமா என்ற வார்த்தையைச் சொல்ல டாக்டரே தயங்கினால், அம்மா டீச்சரிடம் எப்படிச் சொல்வார்?

பெண் குழந்தை என்றால் கேட்கவே வேண்டாம். “நாளைக்குக் கல்யாணம்னு வரும்போது பேச்சாயிடும் டாக்டர்” என்று ஆறு வயதுக் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டே சொல்கிறவர்கள் உண்டு!

மூச்சுக்குழாயில் என்ன நடக்கிறது?

சுருக்கமாகச் சொல்லி விடுகிறேன். ஆஸ்துமா உள்ள பிள்ளையின் மூச்சுக்குழாய்களின் உட்சுவர் எப்போதும் கொஞ்சம் புண்பட்டது மாதிரி வீங்கியே இருக்கும். வெளியே ஒன்றும் தெரியாது. பிள்ளை ஓடும், சிரிக்கும். ஜலதோஷம், தூசி, புகை, பனி என்று ஏதாவது ஒன்று சீண்டினால் போதும்... குழாயைச் சுற்றியுள்ள தசை இறுகும், வீக்கம் கூடும், கோழை அடைக்கும். ஏற்கெனவே மெல்லிசான குழாய் இன்னும் குறுகிப்போக, உள்ளே போன காற்று வெளியே வர முடியாமல் திணறும். அந்த விசில் சத்தம்தான் வீசிங்.

இது ஒட்டுவாரொட்டி இல்லை. பக்கத்தில் உட்கார்ந்தால் வராது, தண்ணீர் பாட்டிலைப் பகிர்ந்தாலும் வராது. சில பிள்ளைகளுக்கு விசிலே கேட்காது. ராத்திரி இருமல், ஓடினால் இருமல், சிரித்தால் இருமல் என்று இருமலாகவே தலைகாட்டும்.

மருந்து இரண்டு வகை. ஒன்று, இறுகிய தசையை உடனே தளர்த்துவது. நிவாரணி என்று வைத்துக் கொள்ளுங்கள். பெரும்பாலும் சால்புட்டமால், நீல நிற இன்ஹேலர். சில நிமிஷங்களில் வேலை செய்யும், நாலு முதல் ஆறு மணி நேரம் தாங்கும். இன்னொன்று, உள்ளே இருக்கும் வீக்கத்தை மெள்ள மெள்ள ஆற்றும் தடுப்பு மருந்து. தினமும், இழுப்பு இல்லாத நாளிலும் எடுக்க வேண்டியது இது. இதை எடுக்காமல் நீலத்தை மட்டுமே நம்பி ஓட்டுவது ஆபத்து. உலக அளவில் ஆஸ்துமா சிகிச்சைக்கு வழிகாட்டும் ஜினா அமைப்பு, 2019ல் பெரியவர்களுக்கும் 12 வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கும் நிவாரணி மட்டும் கொடுத்து வைத்தியம் பார்க்கக் கூடாது என்றே சொல்லிவிட்டது.

தடுப்பு மருந்து வீட்டு வேலை. காலையும் இரவும் பல் தேய்ப்பதற்கு முன்னால் என்று பழக்கி விட்டால் ஸ்கூலுக்குக் கொண்டு போகவே வேண்டாம். ஸ்கூலில் இருக்க வேண்டியது நிவாரணி. அது எங்கே இருக்கிறது என்பதில்தான் வம்பே!

பூட்டிய அலமாரி

மகனின் நோயைச் சொல்லிவிட்ட பெற்றோருக்கும் நிம்மதி கிடைத்து விடுவதில்லை. “மருந்தா? மாணவர்கள் கையில் மருந்து இருக்கக் கூடாது. ஆபீஸ்ல கொடுத்துடுங்க” என்று வாங்கி வைத்துக்கொள்ளும் ஸ்கூல்கள் நிறைய. அவர்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது. ஆயிரம் பிள்ளைகள் இருக்கும் இடத்தில், எது யார் மருந்து என்று எப்படிப் பார்ப்பார்கள்? வேறு பிள்ளை எடுத்து அடித்துக் கொண்டால்? ஏதாவது ஆகிவிட்டால் பழி யார் மேல்?

ஆனால் அந்த அலமாரி என்ன செய்யும் என்பதற்கு ஒரு நிஜக் கதை உண்டு. கனடா நாட்டில் ஒன்டாரியோ மாகாணம். 2012 அக்டோபர். ரையன் என்ற 12 வயதுப் பையன். இடைவேளையில் விளையாடும்போது இழுப்பு வந்தது. அவனுடைய இன்ஹேலர் பிரின்சிபால் அறையில் இருந்தது. பையன் பிழைக்கவில்லை.

அவனுடைய அம்மா சும்மா இருக்கவில்லை. சட்டசபைக் கதவைத் தட்டினார். 2015ல் அந்த மாகாணம் ஒரு சட்டமே கொண்டு வந்தது. அதற்குப் பெயரே ‘ரையன் சட்டம்’! பெற்றோர் சம்மதித்தால் பிள்ளை தன் இன்ஹேலரைத் தன்னிடமே வைத்துக்கொள்ளலாம், பள்ளிக்கூடம் மறுக்க முடியாது. ஆஸ்துமா உள்ள ஒவ்வொரு பிள்ளைக்கும் தனியாக ஒரு திட்டம் எழுதி வைக்க வேண்டும். ஆசிரியர்களுக்கும் இதுபற்றிச் சொல்லித்தர வேண்டும்.

இங்கிலாந்தில் வேறு மாதிரி யோசித்தார்கள். பிள்ளை கொண்டு வர மறந்து விட்டால்? மருந்து தீர்ந்திருந்தால்? 2014 அக்டோபரிலிருந்து, அங்கே பள்ளிக்கூடமே டாக்டர் சீட்டு இல்லாமல் சால்புட்டமால் இன்ஹேலர் வாங்கி அவசரத்துக்கு வைத்துக்கொள்ள அனுமதி உண்டு. ஆஸ்துமா என்று தெரிந்த, பெற்றோர் எழுதிக் கொடுத்த பிள்ளைகளுக்கு மட்டும்தான் அதைக் கொடுக்கலாம்.

நம் ஊரில் அரசுப் பள்ளிகளுக்கும் அரசு உதவி பெறும் பள்ளிகளுக்கும் 2013ல் தொடங்கிய தேசிய சிறார் நலத் திட்டத்தின்படி மருத்துவக் குழு வந்து பார்க்கிறது. அவர்கள் தேட வேண்டிய நோய்ப் பட்டியலில் இழுப்பும் இருக்கிறது. தனியார் ஸ்கூலில் படிக்கும் நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு அந்தக் குழு வராது. ஆக, அம்மா அப்பாதான் முதல் அடி எடுத்து வைக்க வேண்டும்.

அந்த ஒரு தாள்

என்னிடம் வரும் அம்மாக்களிடம் நான் சொல்வது இதுதான். மருந்துச் சீட்டு வாங்கும்போதே, “ஸ்கூலுக்கும் ஒரு சீட்டு எழுதிக் கொடுங்க டாக்டர்” என்று கேளுங்கள். கூச்சப்படாதீர்கள். வெளியே இருபது பேர் காத்திருந்தாலும் கேளுங்கள். எங்களுக்கு அதை எழுத ஐந்து நிமிஷம் ஆகும். உண்மையைச் சொன்னால், கேட்காவிட்டால் எங்களில் முக்கால்வாசிப் பேருக்கு அது தோன்றுவதே இல்லை!

ஒரே ஒரு பக்கம் போதும். மேலே பிள்ளையின் பெயர், வகுப்பு, போட்டோ. அம்மா, அப்பா, பக்கத்திலேயே இருக்கும் ஒரு சொந்தக்காரர் என்று மூன்று போன் நம்பர். என் நம்பரும் இருக்கும். அதற்குக் கீழே டிராஃபிக் சிக்னல் மாதிரி மூன்று பட்டை.

பச்சை என்றால் பிள்ளை நன்றாக இருக்கிறான், ஓடலாம், ஆடலாம். விளையாட்டுக்கு முன்னால் பஃப் தேவைப்படும் பிள்ளையாக இருந்தால் அதுவும் இங்கேயே எழுதியிருக்கும்.

மஞ்சள் என்றால் இருமல், விசில் சத்தம், நெஞ்சு இறுக்கம். என்ன மருந்து, எத்தனை பஃப், எவ்வளவு நேரம் பார்க்க வேண்டும், சரியானால் வகுப்புக்குப் போகலாமா என்பது வரை டீச்சருக்குப் புரிகிற தமிழிலோ இங்கிலீஷிலோ எழுதியிருக்க வேண்டும். டாக்டர் கிறுக்கல் கூடாது! சிவப்பு பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

இந்தத் தாளில் மருந்தின் பெயரைக் கட்டாயம் எழுதச் சொல்லுங்கள். ‘நீல கலர்’ என்று மட்டும் எழுதினால் போதாது. கம்பெனிக்குக் கம்பெனி நிறம் மாறும். 12 வயதைத் தாண்டிய சில பிள்ளைகளுக்கு நிவாரணியும் தடுப்பு மருந்தும் கலந்த ஒரே இன்ஹேலரையே அவசரத்துக்கும் எழுதுகிறோம். டீச்சர் நீலத்தைத் தேடிக் கொண்டிருந்தால் நேரம் போய்விடும்.

கடைசியில் மூன்று கையெழுத்து. டாக்டர், பெற்றோர், கிளாஸ் டீச்சர் அல்லது ஹெட்மிஸ்ட்ரஸ். இந்த மூன்றாவது கையெழுத்துதான் முக்கியம். ‘டாக்டர் எழுதிக் கொடுத்திருக்கிறார், பெற்றோர் சம்மதித்திருக்கிறார்கள்’ என்று கையில் ஒரு தாள் இருந்தால் டீச்சருக்கு பயம் போய்விடும். எத்தனையோ டீச்சர்கள் உதவி செய்ய மனசு இல்லாமல் நிற்பதில்லை. தப்பாகிவிடுமோ என்ற நடுக்கத்தில்தான் நிற்கிறார்கள்.

மூன்று ஜெராக்ஸ். ஒன்று கிளாஸ் டீச்சரிடம், ஒன்று பி.டி. மாஸ்டரிடம், ஒன்று ஆபீஸில். பிள்ளை வேனில் போகிறான் என்றால் வேன் டிரைவருக்கும் இரண்டு வார்த்தை சொல்லி வையுங்கள். காலைப் பனியில் முதல் இருமல் கேட்பது அவருக்குத்தான்.

இன்ஹேலர் யாரிடம் இருக்க வேண்டும்? சுமார் எட்டு, பத்து வயதில் பொறுப்பு வந்து விட்ட பிள்ளை என்றால் அவன் பையிலேயே இருக்கட்டும். சின்னப் பிள்ளைக்கு கிளாஸ் டீச்சரின் மேஜை டிராயரில், பூட்டாமல். இன்னொன்று உபரியாக ஆபீஸில். இன்ஹேலரின் மேல் பெயரும் காலாவதித் தேதியும் பெரிதாக எழுதி ஒட்டுங்கள். இதில் ஒரு ரகசியம். மருந்து தீர்ந்த பிறகும் சில இன்ஹேலர்களை அழுத்தினால் ‘புஸ்’ என்று வரும். அது வெறும் வாயு! எண்ணிக்கை காட்டும் இன்ஹேலராகப் பார்த்து வாங்குங்கள். இல்லையென்றால் எத்தனை பஃப் ஆயிற்று என்று கணக்கு வையுங்கள்.

கூடவே ஒரு ஸ்பேசர். இன்ஹேலரை நேராக வாயில் வைத்து அடித்தால் பாதிக்கு மேல் தொண்டையிலேயே தங்கிவிடும். ஸ்பேசர் குழாய் வழியாகப் போனால்தான் நுரையீரலுக்குப் போகும். ஸ்பேசர் உடைந்து விட்டதா, காணாமல் போய்விட்டதா? தென்னாப்பிரிக்காவின் கேப் டவுன் டாக்டர்கள் 1999ல் ஒரு ஆராய்ச்சி செய்தார்கள். சாதாரண அரை லிட்டர் பிளாஸ்டிக் பாட்டிலின் அடியில் இன்ஹேலரின் வாய் நுழைகிற அளவுக்கு ஓட்டை போட்டு, பாட்டிலின் வாயைப் பிள்ளையின் வாயில் வைத்துக் கொடுத்துப் பார்த்தார்கள். கடையில் விற்கும் ஸ்பேசருக்குச் சமமாக வேலை செய்தது! ஸ்கூல் முதலுதவிப் பெட்டிக்கு இதைவிட மலிவான உபகரணம் கிடையாது.

பி.டி. பீரியடில் ஓரமாக உட்காரு!

ஆஸ்துமா என்று சொன்னதும் ஸ்கூல் செய்யும் முதல் காரியம், பிள்ளையை மரத்தடியில் உட்கார வைப்பது. அக்கறைதான். ஆனால் வாரத்துக்கு இரண்டு நாள், மற்றவர்கள் விளையாடுவதைப் பார்த்துக்கொண்டே உட்காரும் பிள்ளையின் மனசை நினைத்துப் பாருங்கள். ‘டேய் வீசிங்’ என்று பட்டப் பெயர் வேறு. இதனாலேயே பாத்ரூமில் போய் ஒளிந்து பஃப் எடுக்கும் பெண் பிள்ளைகளை எனக்குத் தெரியும்.

ஓட்டம் ஆஸ்துமாவுக்கு எதிரி இல்லை. கட்டுப்பாட்டில் இல்லாத ஆஸ்துமாதான் ஓட்டத்துக்கு எதிரி. லண்டன் மாரத்தானில் 2003ல் 2 மணி 15 நிமிஷம் 25 விநாடியில் ஓடி உலக சாதனை படைத்த பவுலா ராட்க்ளிஃப் ஒரு ஆஸ்துமாக்காரர்! நடிகை பிரியங்கா சோப்ரா தனக்கு ஆஸ்துமா என்று 2018ல் வெளிப்படையாகவே சொன்னார். அந்தப் பட்டப் பெயர் வைக்கும் பையன்களுக்கு இதையெல்லாம் டீச்சர் வகுப்பில் சொல்லலாமே!

பி.டி. மாஸ்டர் செய்ய வேண்டியது கொஞ்சம்தான். எடுத்த எடுப்பில் ஓட விடாமல் பத்து நிமிஷம் மெள்ள நடை, கை கால் வீச்சு என்று உடம்பைச் சூடாக்கி விட்டு ஓட விடுவது. தாளில் எழுதியிருந்தால் பத்து, பதினைந்து நிமிஷம் முன்னதாக பஃப் எடுக்க நினைவூட்டுவது. மூச்சு வாங்குகிறது என்று பிள்ளை சொன்னால், ‘நடிக்கிறான்’ என்று நினைக்காமல் நிறுத்துவது. தினமும் விளையாட முடியாமல் போகிறது என்றால் அந்தப் பிள்ளையின் தடுப்பு மருந்து போதவில்லை என்று அர்த்தம். உடனே எங்களிடம் அனுப்ப வேண்டும்.

டீச்சருக்குத் தெரியும், டாக்டருக்குத் தெரியாது

நான் ஒரு பிள்ளையைப் பார்ப்பது மாதம் பத்து நிமிஷம். டீச்சர் பார்ப்பது தினம் ஆறு மணி நேரம். ஆனால் அவர் பார்த்தது என் காதுக்கு வருவதே இல்லை!

நான் ஆரம்பத்தில் சொன்ன பையன் விஷயத்தையே எடுத்துக் கொள்ளுங்கள். அம்மா ஒருவழியாக மனசை தேற்றிக்கொண்டு தாளை எடுத்துப் போய் கிளாஸ் டீச்சரைப் பார்த்தார். ஸ்கூல் டைரியில் கடைசிப் பக்கங்களை இதற்கென்று ஒதுக்கச் சொல்லியிருந்தேன். இருமினானா, பஃப் எடுத்தானா, எந்த பீரியட்... ஒரு வரி போதும். ஒரு மாதம் கழித்து டைரியை வாங்கிப் பார்த்தேன். ‘திங்கள், முதல் பீரியட், இருமல். புதன், முதல் பீரியட், இருமல். வியாழன்...’ எல்லாமே காலையில்!

விசாரித்தால், அந்த வகுப்பில் காலையில் பிள்ளைகளே கூட்டிப் பெருக்கி, டஸ்டரை ஜன்னல் கம்பியில் தட்டுவார்களாம். இவன் இடம் ஜன்னல் ஓரம்! டீச்சர் பெருக்கும் வேலையை முதல் நாள் சாயங்காலத்துக்கு மாற்றினார். டஸ்டரை ஈரத் துணி ஆக்கினார். பையனை நடு பெஞ்சுக்கு மாற்றினார். நான் ஒரு மருந்தைக்கூடக் கூட்டவில்லை. இருமல் பாதியாகக் குறைந்தது.

இப்படித்தான், கெமிஸ்ட்ரி லேப் நெடி, தரை துடைக்கும் ஃபினாயில், ஜூன் மாதம் திறக்கும்போது புதுப் பெயிண்ட், வகுப்பில் அடிக்கும் கொசு ஸ்ப்ரே, ஆனுவல் டே மேடைப் புகை என்று ஆளுக்கு ஆள் வேறு வேறு வில்லன். எது என்று கண்டுபிடிக்கக் கூடியவர் டீச்சர் ஒருவர்தான். ஸ்கூல் திறந்த சில வாரங்களில் ஒரு பிள்ளையின் ஜலதோஷம் வகுப்பு முழுக்கச் சுற்றி வரும். அப்போது ஆஸ்துமா பிள்ளைகள் மேல் ஒரு கண் கூடுதலாக இருக்க வேண்டும். மார்கழிப் பனி, போகிப் புகை, தீபாவளிப் பட்டாசு... அது வீட்டார் பொறுப்பு.

அமெரிக்காவில் நியூயார்க் மாநிலத்து ராச்செஸ்டர் நகரில் இதை இன்னும் ஒரு படி மேலே கொண்டு போனார்கள். வீட்டில் தடுப்பு மருந்து சரியாகக் கொடுக்கப்படாத பிள்ளைகளுக்கு ஸ்கூல் நர்ஸே தினமும் கொடுத்தார். டாக்டர் வீடியோ மூலம் பார்த்து மருந்தைத் திருத்தினார். 2018ல் வெளியான முடிவில், இப்படிப் பார்த்துக்கொண்ட பிள்ளைகளில் ஆஸ்துமாவுக்காக அவசர சிகிச்சைக்கோ ஆஸ்பத்திரி அட்மிஷனுக்கோ போனவர்கள் 100க்கு 7 பேர். மற்றவர்களில் 15 பேர்! இரு பக்கமும் ஆஸ்துமா மருந்துகள் ஒரே ரகம்தான். ஸ்கூலும் டாக்டரும் பேசிக் கொண்டதுதான் வித்தியாசம்.

சிவப்பு!

இனி அந்த மூன்றாவது பட்டை. டீச்சர்களே, இதை மட்டும் கவனமாகப் படியுங்கள்.

ஒரு முழு வாக்கியம் பேச முடியாமல் இரண்டு இரண்டு வார்த்தையாகத் திணறினால், விலா எலும்புகளுக்கு நடுவே தோல் உள்ளே இழுத்தால், உதடோ நகமோ நீலம் பூத்தால், பிள்ளை சோர்ந்து குழம்பினால்... அது சிவப்பு. இன்னொன்று. இவ்வளவு நேரம் விசில் அடித்த நெஞ்சு திடீரென்று அமைதியாகி, பிள்ளை இன்னும் திணறிக்கொண்டே இருந்தால் ‘அப்பாடா, நின்னுடுச்சு’ என்று நினைக்காதீர்கள். சத்தம் போடும் அளவுக்குக்கூட காற்று போகவில்லை என்று அர்த்தம்.

பிள்ளையைப் படுக்க வைக்கக் கூடாது. நிமிர்ந்து, சற்று முன்னால் சாய்ந்து உட்காரட்டும். ஆபீஸுக்கு நடந்து வரச் சொல்லாதீர்கள். மருந்து பிள்ளையிடம் வர வேண்டும், பிள்ளை மருந்திடம் போகக் கூடாது! தனியே விடவும் கூடாது. சுற்றி நிற்கும் கூட்டத்தை விலக்குங்கள். தண்ணீரைக் குடி குடி என்று புகட்ட வேண்டாம்.

ஆஸ்திரேலியாவில் பள்ளிகளுக்குச் சொல்லித்தரும் கணக்கு மிகச் சுலபம். நாலு, நாலு, நாலு. இன்ஹேலரைக் குலுக்கி, ஸ்பேசரில் ஒரு பஃப். பிள்ளை அதில் நாலு முறை மூச்சு விட வேண்டும். இப்படி ஒவ்வொன்றாக நாலு பஃப். நாலு நிமிஷம் காத்திருக்க வேண்டும். சரியாகாவிட்டால் மீண்டும் நாலு. உங்கள் பிள்ளையின் தாளில் டாக்டர் வேறு எண்ணிக்கை எழுதியிருந்தால் அதுதான் கணக்கு. சிவப்பு அறிகுறி தெரிந்தால், முதல் பஃப் கொடுக்கும்போதே இன்னொருவர் 108க்கு போன் போட வேண்டும். ஆம்புலன்ஸ் வரும் வரை பஃப் தொடரலாம். ‘அம்மாவுக்கு போன் போட்டாச்சு, ஆட்டோவில் வந்துக்கிட்டு இருக்காங்க’ என்று காத்திருப்பது கூடாது.

தப்பாகக் கொடுத்து விட்டால்? ஆஸ்துமாவே இல்லாத பிள்ளைக்கு நாலு பஃப் போய்விட்டாலும் கை கொஞ்சம் நடுங்கும், நெஞ்சு படபடக்கும், சிறிது நேரத்தில் அடங்கி விடும். கொடுக்காமல் விடுவதில் இருக்கும் ஆபத்து அதைவிடப் பல மடங்கு.

“பழகிடுமே டாக்டர்?”

இதைச் சொல்லாமல் கட்டுரையை முடித்தால் வாசகிகள் விட மாட்டீர்கள்!

இன்ஹேலர் போதைப் பொருள் இல்லை. கண் சரியாகத் தெரியாத பிள்ளை கண்ணாடி போடுகிறது. அதைப் பழகி விட்டது என்கிறோமா? ‘சிரப் போதும், பஃப் வேண்டாம்’ என்கிறவர்களுக்கு ஒரு சின்னக் கணக்கு. ஒரு பஃப் சால்புட்டமால் 100 மைக்ரோகிராம். வாய் வழியாகக் கொடுக்கும் 2 மில்லிகிராம் என்பது 2000 மைக்ரோகிராம். இருபது பஃப்! அது ரத்தத்தில் கலந்து உடம்பெல்லாம் சுற்றி விட்டுத்தான் நெஞ்சுக்கு வரும். எது லேசான மருந்து என்று நீங்களே சொல்லுங்கள்.

தடுப்பு இன்ஹேலரில் இருப்பது ஸ்டீராய்டுதான். மறைக்க வேண்டியதில்லை. பல வருஷம் எடுத்த பிள்ளைகளைத் தொடர்ந்து கவனித்து 2012ல் வெளியான அமெரிக்க ஆராய்ச்சியில், வளர்ந்த பிறகு உயரம் சுமார் 1 செ.மீ. குறைந்திருந்தது. அதனால்தான் தேவையான அளவுக்கு மேல் நாங்கள் எழுதுவதில்லை, மூன்று மாதத்துக்கு ஒரு முறை குறைக்க முடியுமா என்று பார்க்கிறோம். எடுத்தபின் வாய் கொப்பளித்துத் துப்பினால் வாய்ப்புண் வருவது குறையும். அந்த ஒரு சென்டிமீட்டரையும், மூச்சுத் திணறி ஆஸ்பத்திரிக்கு ஓடும் ராத்திரிகளையும் தராசில் வைத்துப் பாருங்கள்.

தூதுவளை ரசம், கற்பூரவல்லி கஷாயம்... பாட்டி வைத்துக் கொடுத்தால் குடிக்கட்டும், நான் சண்டைக்கு வர மாட்டேன். ஹைதராபாத்தில் ஜூன் மாதம் உயிர் மீனுக்குள் வைத்து விழுங்கச் செய்யும் மருந்துக்கு ரயில் ஏறுகிறவர்களும் இருக்கிறார்கள். அதனால் ஆஸ்துமா குணமாகிறது என்பதற்கு விஞ்ஞான ஆதாரம் கிடையாது. அதை நம்பி தினசரி இன்ஹேலரை நிறுத்தி விட்டு வருவதுதான் எனக்கு பயமாக இருக்கிறது.

அந்தப் பையன் விஷயத்துக்கு வருகிறேன். போன ஜூன் மாதம் அம்மாவும் மகனும் வந்தார்கள். இழுப்பு இல்லை. “பின்னே எதுக்கு வந்தீங்க?” என்றேன்.

“நாலாம் கிளாஸ் போயிட்டான் டாக்டர். புது மிஸ். தாளைப் புதுசா எழுதித் தாங்க” என்றவர், “நாலு காப்பி வேணும்” என்றார்.

“மூணுதானே?”

“அந்த கிளாஸ்ல இன்னொரு பொண்ணுக்கும் இருக்காம். அவங்க அம்மா வெளியே சொல்லலையாம். ஒரு மாதிரிக்கு அவங்க கிட்ட காட்டணும்...”

குரலைத் தாழ்த்தாமல்தான் சொன்னார்.